முழங்கால் மட்டத் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு தபால் அட்டையில் பிறந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் எழுதியிருந்தார்: 'ஆற்றங்கரைச் சிறப்பிதழ் போடுகிறோம். ஆற்றோரம் நாயோடு ஒருவர் உலாப் போகிறார், இதமாக ஒரு கதை வேண்டும். கண்ணீர் வேண்டாம்.'

இதமாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நான் இராமநாதபுரத்துக்காரன். எங்கள் பக்கம் ஆற்றில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் வந்தால் அது நல்ல வருஷம். மற்ற நாளெல்லாம் ஆறு என்பது இரண்டு கரைக்கு நடுவே கிடக்கிற மணல். கண்ணீர் வேண்டாம் என்றாரே தவிர, தண்ணீருக்கு நான் எங்கே போவேன் என்று அவர் யோசிக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சலசலத்து ஓடும் வைகையின் கரையில், இளங்காலைத் தென்றல் மெல்ல'

(அடித்துவிட்டேன். வைகை எங்கள் பக்கம் சலசலத்ததே கிடையாது. வந்தால் செம்மண் குழம்பாக வரும். வராவிட்டால் வராது, அவ்வளவுதான்.)

இரண்டாவது தடவை: 'மூக்கையா நாயைப் பிடித்துக்கொண்டு நின்றான்.'

இது பரவாயில்லை. ஒரு திருத்தம் மட்டும். அதிகாரி வந்தால் 'அவர்' போடும் கை, பியூன் வந்தால் தானாக 'அவன்' போடுகிறது. கையைத் தட்டி அடக்கினேன். மூக்கையா நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

2

வருஷம் 1956. மூக்கையா ஒரு சர்க்கார் இலாகாவில் பியூன். எந்த இலாகா என்று சொல்லமாட்டேன். அங்கே பென்ஷன் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாலு வருஷமாக டெம்ப்ரவரி. நிரந்தரம் ஆக வேண்டுமானால் அதிகாரி ஒரு சிபாரிசுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மூக்கையாவின் உயிர் அந்தக் காகிதத்தில்தான் இருந்தது.

அதிகாரி அனந்தகிருஷ்ணன் காவிரிக்கரைக்காரர். கார்த்திகையில் மாற்றலாகி வந்தார். வந்த வாரம் பார்த்து, அந்த வருஷத்துப் பத்து நாள் தண்ணீரும் வந்து தொலைத்தது. ஆறு கரை தொட்டுப் போவதைப் பார்த்து, "நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்று பூரித்துப் போனார். யாரும் மறுத்துப் பேசவில்லை. புது அதிகாரியிடம் வந்த வாரத்திலேயே உண்மை பேசுகிற வழக்கம் எந்த இலாகாவிலும் கிடையாது. மறுவாரம் ஜீப்பிலிருந்து தவறி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார். கல்யாணம் ஆகாதவர். கொடைக்கானலில் வாங்கிய சடைநாய் ரோசி மட்டும் இங்கே நின்றுவிட்டது.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. 'மூக்கையா, காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஜன்னலில் ஒரு சுவர்தான் தெரிகிறது. ரோசியைத் தினமும் ஆற்றோரம் நடத்திக்கொண்டு போ. பார்த்ததை வாரம் ஒரு கடிதமாக எழுது. இப்போதைக்கு உன் கடிதத்தில்தான் நான் நடக்க வேண்டும். உன் காகிதத்தை வந்ததும் பார்க்கிறேன்.'

மூக்கையா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்: 'அய்யா அவர்களுக்கு வணக்கம். ஆற்றில் தண்ணீர் இல்'

நிறுத்தினார். கால் கட்டிக் கிடக்கிற மனுஷனுக்கு ஜன்னலிலும் சுவர், கடிதத்திலும் மணலா? மனசு கேட்கவில்லை. காகிதமும் ஞாபகம் வந்தது. (எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அவருக்கே தெரியாது.) அடித்துவிட்டு எழுதினார்: 'ஆற்றில் தண்ணீர் முழங்கால் மட்டம் ஓடுகிறது.'

3

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூக்கையா தண்ணீரில்தான் பொய் சொன்னார், நடையில் சொல்லவில்லை.

முதல் நாள் ரோசி மணலில் பத்தடி நடந்து, நாக்கைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டது. பாதத்தில் உடைமரத்து முள் வேறு. "எந்திரி தாயி, ஓம் மொதலாளி எம் பொழப்பக் கையில வச்சிருக்காரு" என்று மூக்கையா கெஞ்சினார். அந்த நேரம் கடல் பக்கமிருந்து காற்று வந்தது. காற்றில் கருவாட்டு வாசம் வந்தது. மலைநாட்டு நாய் மூக்கை நிமிர்த்தியது. அப்புறம் முக்கால் மைல் மூக்கையாவை இழுத்துக்கொண்டே போனது. ஆற்றின் நடு மணல்தான் பாதை. மேடு இல்லை, கல் இல்லை, கூடவே ஓட்டமும் நடையுமாக ஒரு பியூன். ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் கருவாட்டுக்காரி செபஸ்தியம்மாள் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏண்ணே, இது நாயா, ஆடா? இம்புட்டு மசுரு!" என்றாள். ரோசி அவள் காலடியில் படுத்தது. அன்று முதல் தினமும் காலையில் அதுதான் நடை.

(செபஸ்தியம்மாளை நான் கூப்பிடவில்லை. காற்று அடித்தது, வந்துவிட்டாள். அவளை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எடுத்தால் நாய் நடக்க மாட்டேன் என்கிறது.)

அதிகாரியின் கேள்விகள் வாரா வாரம் வந்தன. 'கரையில் மருதமரம் உண்டா?' மூக்கையா மருதமரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.* 'இரண்டு உண்டு' என்று எழுதினார். 'படித்துறை?' 'உண்டு. ஏழு படி.' கடிதத்தை வாசித்துக் காட்டியபோது செபஸ்தியம்மாளுக்கு ஒரு குறை தென்பட்டது.

"இம்புட்டுத் தண்ணிய விட்டுட்டு ஓடம் இல்லாமயா? ஒரு ஓடம் விடுங்கண்ணே. ஓடக்காரருக்கு என்னப் பெத்த அப்பச்சி பேர வைங்க, இன்னாசின்னு. கடலுக்குப் போயி திரும்பி வரல அவுக. ஆத்துலயாவது பத்தரமா இருக்கட்டும்."

இன்னாசி ஓடம் விட்டார். பதில் வந்தது: 'இன்னாசியைக் கேட்டதாகச் சொல்.'

(* நானும் பார்த்ததில்லை. பத்து வீட்டில் கேட்டேன். எல்லாரும் பனைமரத்தைக் காட்டினார்கள்.)

4

மூக்கையாவின் மனைவி வீரலட்சுமி இரண்டு மைல் தள்ளித் தண்ணீர் சுமக்கிறவள். அவளுக்குக் கடிதம் பிடிக்கவில்லை.

"ஏங்க, ஆத்துல தண்ணி விட்டது நீங்க. நாளைக்கி அவரு வந்து குளிக்கணும்னா கொடம் தூக்குறது நானா?"

"அவரு எங்கிட்டு வரப்போறாரு? கட்டிப் போட்டுருக்காகல்ல."

மாசியில் ஒரு கடிதம் வந்தது. 'மூக்கையா, இன்று கட்டிலை விட்டு இறங்கினேன். டாக்டர் மூன்றடி போதும் என்றார். நான் உன் படித்துறையை நினைத்து, எண்ணிக்கொண்டே ஏழடி வைத்தேன்.'

மூக்கையா அதை இரண்டு தடவை வாசித்தார். அழுகை வந்தது. பாதி சந்தோஷம், பாதி பயம். மூக்கையா சொன்ன பொய்மேல் ஒரு மனுஷன் காலை ஊன்றி எழுந்து நின்றுவிட்டார்.

பங்குனியில் தந்தி: 'புதன் வருகிறேன். வியாழன் காலை ஆறு.'

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: கோடை வந்து வற்றிவிட்டது என்று சொல்லிவிட வேண்டியதுதானே? வீரலட்சுமியும் அதைத்தான் கேட்டாள்.

"தண்ணி வத்தும். மருதமரம் வத்துமா? படித்துறை வத்துமா? இன்னாசி?" என்றார் மூக்கையா.

"இன்னாசி செத்துப் போனாருன்னு சொல்லுங்க."

இதைப் போய்ச் செபஸ்தியம்மாளிடம் சொன்னார். கையிலிருந்த நெத்திலியைக் கீழே போட்டாள். "எங்க அப்பச்சிய ரெண்டாந்தரம் சாகக் குடுக்க மாட்டேன். வேணும்னா நீங்க சாவுங்க."

மிச்சமிருந்த ஒரு நாளில் மூக்கையாவால் முடிந்தது, ரோசியைச் சீயக்காய் போட்டு மூன்று தடவை குளிப்பாட்டியதுதான். மூன்றாவது தடவைக்குப் பிறகு சீயக்காய் டப்பாவிலும் கருவாட்டு வாசம் வந்தது.

5

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருக்கின்றன.

(அ) அதிகாரி மணலைப் பார்க்கிறார். மூக்கையாவைப் பார்க்கிறார். 'நாளை முதல் நீ வர வேண்டாம்' என்கிறார். இது நியாயம். ஆனால் வீரலட்சுமி என் வீடு தேடி வந்துவிடுவாள்.

(ஆ) அதிகாரி மூக்கையாவைக் கட்டிக்கொண்டு, 'எனக்கு முதலிலிருந்தே தெரியும்' என்கிறார். சிறப்பிதழுக்குப் பொருத்தம். எனக்குப் பல் கூசுகிறது. தெரிந்தவர் ஏன் இன்னாசியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்?

(இ) அந்த நேரம் பார்த்து ஆற்றில் வெள்ளம்

(வேண்டாம். பங்குனியில் வெள்ளம் என்று எழுதினால் எங்கள் ஊரில் எனக்கு யாரும் டீ தரமாட்டார்கள்.)

6

ஆகவே எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை. அனந்தகிருஷ்ணன் கைத்தடியோடு கரையில் நின்றார். பக்கத்தில் மூக்கையா, மூக்கையாவின் கையில் ரோசி. எதிரே கண்ணுக்கு எட்டியவரை மணல். நடுவில் இரண்டு ஆடுகள். அக்கரையில் இரண்டு மரம், இரண்டும் பனை.

மூக்கையா நாலு வருஷத்தையும் மனசுக்குள் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

"படித்துறை எங்கே மூக்கையா?"

"இங்கனதான்யா." மூக்கையா மண்சரிவைக் காட்டினார்.

அதிகாரி தடியை ஊன்றி, மண்சரிவில் காலை வைத்தார். "ஒன்று" என்றார். அடுத்த அடி. "இரண்டு." நொண்டிக்கொண்டே எண்ணிக்கொண்டு இறங்கினார். ஏழு எண்ணியபோது சரிவு முடிந்து மணல் வந்துவிட்டது. (கோபத்தை அடக்குவதற்கும் மனிதர்கள் எண்ணுவதுண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அங்கே நின்று குனிந்தார். கால்சட்டையைச் சுருட்ட ஆரம்பித்தார். முதலில் நல்ல கால், பிறகு முறிந்த கால். முறிந்த கால் மற்றதைவிட இளைத்து, வெளுத்து, குழந்தையின் கால்போல இருந்தது. இரண்டையும் ஒரே உயரத்துக்குச் சுருட்டி நிமிர்ந்தார்.

"முழங்கால் மட்டம்னுதானே எழுதியிருந்தே?"

சிரித்துக்கொண்டு கேட்டாரா, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாரா? வெயில் அவருக்குப் பின்னாலிருந்து வந்தது. மூக்கையாவுக்கு முகம் தெரியவில்லை. மூக்கையாவுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. அதிகாரியின் சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அது சிபாரிசா, சீட்டுக் கிழிப்பா என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. நீங்கள் பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் அதிகாரியை உங்களுக்குத் தெரியும்.

மூக்கையா என்ன செய்தார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டினார். கடல் பக்கம் இழுத்த நாயை ஒரு கையில் இறுக்கினார். காய்ந்த மணலில் இறங்கி வந்து, மறு கையை அதிகாரியிடம் நீட்டினார்.

"இங்கன வழுக்கும்யா. பாத்து வாங்க."