சத்தத்துக்கு அளவெடுத்தார்கள்

ஆடி முடிவதற்குள் ஈரச்சாக்கு குழுவின் சத்தத்துக்கு மகரக்கட்டு உடைந்துவிட்டது. எல்லா ராக் குழுவிலும் நடப்பதுதான். ஈரச்சாக்கில் மூன்று பேர்: கிடார் ஜெரால்டு, டிரம்ஸ் கஜபதி, பாட்டு திலோத்தமா. சத்தம் நாலாவது.

முதல் ஆல்பத்தின்போது அது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் அடங்குகிற உயரம்தான் இருந்தது. திலோத்தமா பாடினால் ஓடிவந்து மடியில் உட்காரும். இப்போது எழுந்து நின்றால் தலை மின்விசிறியில் தட்டியது. விசிறியைக் கழற்றிவிட்டார்கள். எல்லோருக்கும் வேர்த்தது. சத்தத்துக்கு வேர்க்கவில்லை.

அதன் மேலுதடு லேசாகக் கறுத்திருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. திலோத்தமா வாயைத் திறந்தாலே ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டது.

"நான் பாடினா எந்திரிச்சுப் போகுது" என்றாள் அவள்.

"சவுண்டு வளர்ந்துருச்சு திலோ" என்றான் ஜெரால்டு. "இன்னும் மடியிலயே உக்காருமா?"

"விடு, அது பாட்டுக்கு நிக்குது" என்றான் கஜபதி.

"அதுக்கேதுடா பாட்டு? பாட்டெல்லாம் நான் எழுதுனது."

கஜபதி சிம்பலைத் துடைக்க ஆரம்பித்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

சத்தம் உடுத்தியிருந்த பழைய ஆல்பம் தொப்புளுக்கு மேலே ஏறிவிட்டிருந்தது. தெருவில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். புதிது தைத்தாக வேண்டும். அயனாவரத்தில் ஆல்பம் தைக்கத் தெரிந்தவர் முபாரக் பாய் ஒருவர்தான். பள்ளிக்கூடச் சீருடையும் தைப்பார். அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். வந்ததும் பழைய ஆல்பத்தின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வளர்ற புள்ளன்னு உள்ள துணி விட்டுதான் தெச்சிருக்கேன். பிரிச்சுவிட்டா எறங்கும்."

"வேணாம் பாய்" என்றான் ஜெரால்டு. "புதுசா வேணும். தரை வரைக்கும் வரணும். பழைய துணி ஒரு இழை இருக்கக் கூடாது."

"பழைய துணி பூரா இந்தப் பொண்ணு குரலாச்சே தம்பி."

திலோத்தமாவுக்கு விஷயம் அப்படித்தான் தெரியவந்தது.

"என்னைத் தூக்கிட்டீங்களா?"

"தூக்கலெல்லாம் இல்ல" என்றான் ஜெரால்டு. "எடம் இல்ல."

"இவ்ளோ பெருசுலயா?"

"பெருசா இருக்கறதாலதான்."

கஜபதி ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினான். பிறகு இல்லை என்பதுபோல ஆட்டினான். இரண்டும் ஒரே தாளத்தில் இருந்தன.

அவளுக்குப் போக வேறு குழு இல்லை. இனி வேறொரு சத்தத்தைத் தூக்கி வளர்க்கவும் தெம்பில்லை. மூலையில் உட்கார்ந்து அளவெடுப்பதைப் பார்த்தாள். மார்பு, தோள், கை. கூச்சத்தில் சத்தம் நெளிந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் ஆல்பத்தோடு வந்தார். கறுப்பு, நல்ல கனம். மாட்டிவிட்டார்கள். சத்தத்தின் தலை வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அப்போதும் வரவில்லை.

"கழுத்து எங்க பாய்?" என்றான் கஜபதி.

"வெட்டலையே."

"ஏன்?"

"பாட்டு இல்லன்னு ஆயிருச்சு. பாட்டில்லாததுக்குக் கழுத்து எதுக்கு?"

உள்ளேயிருந்து சத்தம் முனகியது. கிணற்றுக்குள் லாரி திரும்புவதுபோல இருந்தது. ஜெரால்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதான்டா! இத்தனை நாளா இதத்தான்டா தேடுனேன். பாய், வெட்டாதீங்க."

"மூச்சு முட்டும் தம்பி."

"முட்டட்டும். அதான் ஃபீலு."

பாய் கத்திரிக்கோலைத் திலோத்தமாவிடம் நீட்டினார். "வளர்த்தவ நீ. வெட்டணும்னா வெட்டும்மா."

அவள் வாங்கிக்கொண்டு, துணியில் காதை வைத்துக் கேட்டாள். அது முனகல் இல்லை. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டை அது பாடிக்கொண்டிருந்தது. சுருதி சேரவில்லை. சரணத்தில் ஒரு வார்த்தையை மறந்துவிட்டு, மறந்த இடத்திலேயே திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தது.

கழுத்தை வெட்டினால் தலையை நீட்டும். நாலு பேரைப் பார்க்கும். பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடும். அந்த வயசு அப்படி.

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். குனிந்து, ஆல்பத்தின் கீழ்விளிம்பைத் தூக்கி உள்ளே போனாள்.

உள்ளே இருட்டு. புதுத்துணியின் கஞ்சி வாசனை. உட்கார இடம் நிறையவே இருந்தது.

"தள்ளு" என்றாள். அது தள்ளி உட்கார்ந்தது. மறந்த வார்த்தையை அவள் எடுத்துக்கொடுத்தாள்.

வெளியே ஜெரால்டு கத்தினான். "கஜா, கேட்டியா? இப்ப ஒண்ணு வந்து சேர்ந்துச்சு பாரு! என்னான்னே தெரியல. யாரும் கைய வெக்காதீங்க, அப்படியே இருக்கட்டும்."

கஜபதி ஓரத்தில் கிடந்த செருப்பைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு குச்சிகளை எடுத்து, அந்தப் பாட்டின் தாளத்தை மெதுவாகப் போட ஆரம்பித்தான்.

பாய் ஊசியில் நூலைக் கோத்து, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கீழ்விளிம்பை மூடித் தைத்துக்கொண்டு வந்தார்.