குங்குமப்பூ விண்ணப்பத்தில் விடுபட்ட வரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் பிறந்தது. 'உங்கள் திட்டத்தை விவரிக்கவும்' என்று கட்டத்துக்கு மேலே போட்டிருந்தது. என்னிடம் போய் விவரிக்கச் சொன்னால்? ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது எனக்கு. கட்டம் நிரம்பியதும் படிவம் என்னை நிறுத்திவிட்டது. மிச்சம் உங்கள் தலையில் விழுகிறது.

என் பெயர் அக்லையா. வட கிரேக்கத்தில், கொஸானி நகரத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். நிலக்கரி மின்நிலையத்தின் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் கடிதம் எழுதினேன். மின்நிலையத்தை மூடினார்கள். இப்போது ஊரில் யாருக்கு மானியம் வேண்டுமென்றாலும் விண்ணப்பம் எழுதுவது நான்தான். கதை எழுதும் ஆசை எனக்குத் தனியாக உண்டு. யாரும் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

2

தொடக்கங்கள்:

'அக்டோபர் விடியலில், ஊதா நிறக் கடல் போல விரிந்து கிடந்த...'

[அடித்துவிட்டேன். கடலைப் பார்க்க இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும்.]

'ஒரே சூரியனைப் பூவும் சோலார் தகடும் பங்கு போட்டுக்கொள்ளும் புதுமை...'

[இது விண்ணப்பத்தில் எழுதியது. அங்கே இந்த மாதிரி எழுதினால்தான் ஆகும். உங்களிடம் எதற்கு?]

'சீசிஸ் பேனாவைத் தேடினார்.'

ஆம், இதுதான். இதிலிருந்தே போகலாம்.

3

சீசிஸ் பேனாவைத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார், எனக்குக் கதையும் இருந்திருக்காது.

சீசிஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் இயந்திரம் ஓட்டியவர். மின்நிலையத்தோடு சுரங்கமும் போனது. அவர் மனைவி பொலிக்சேனி என் பள்ளித் தோழி. அவர்களுக்கு இரண்டு ஏக்கர் குங்குமப்பூ வயல் இருக்கிறது, அவ்வளவுதான் சொத்து. சோலார் கம்பெனி ஒன்று அதை இருபத்தைந்து வருஷக் குத்தகைக்குக் கேட்டது. பூ முளைக்கிற கிழங்கையெல்லாம் தோண்டி எறிந்துவிட்டு, முழங்கால் உயரத்தில், இடைவெளியே இல்லாமல் தகடு பதிப்பார்களாம். ஒப்பந்தத் தாளைச் சீசிஸ் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். அக்டோபர் கடைசித் திங்கட்கிழமை கம்பெனி ஆள் வந்து வாங்கிக்கொள்வார், அதுவரை தவணை.

"என் கிழங்கு மேல எவனாவது மண்வெட்டிய வச்சான், அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்றாள் பொலிக்சேனி.

"சரி, கிழங்க வச்சுக்க. குளிருக்கு எதப் போட்டு அடுப்பு எரிப்ப? பூவையா?" என்றார் சீசிஸ்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் நான் இடையில் புகுந்தேன். ஆளுயரத்துக்கு மேலே தகடு வைத்து, கீழே விவசாயத்தையும் விடாமல் செய்கிறவர்களுக்கு ஒரு நிதி உண்டு. நாற்பது பக்கம் எழுதி அனுப்பினேன். முதல் சுற்றில் தேறிவிட்டோம். இனி ஒரே ஒரு நிபந்தனை: மதிப்பீட்டாளர் நேரில் வருவார், சோதனைத் தகடுகளுக்குக் கீழே பயிர் நிற்பதைக் கண்ணால் பார்த்துப் படம் எடுப்பார்.

சுரங்கத்தில் கழித்துப்போட்ட இரும்பை வாங்கிச் சீசிஸே பற்றவைத்துக் கால்கள் செய்தார். அதன்மேல் ஆறு தகடுகளை ஏற்றினோம். வாயால் எவ்வளவு புலம்பினாலும் வேலையில் அவர் குறை வைத்ததில்லை.

4

மதிப்பீட்டாளர் என்கிற பாத்திரத்தில் எனக்குச் சிக்கல். அவர் வருவதற்கு முன்பே இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டேன்: கறுப்புக் கண்ணாடி, மெல்லிய உதடு, ஏழைகளைக் கண்டால் ஆகாது. வந்த யோர்தானிஸ் என்னை ஏமாற்றிவிட்டார். நாற்பது வயதிருக்கும். ஓயாத சளி. யாரோ பாசமாகப் பின்னிக்கொடுத்த, ஒரு கை மட்டும் நீளமான கம்பளிச் சட்டை. வில்லனுக்கு எப்படி ஐயா இப்படி ஒரு சட்டை போடுவது? அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன்.

5

இனி தவறு. என்னுடையதுதான், ஆனால் ஊரே சேர்ந்து செய்தது.

குங்குமப்பூவை வெயில் ஏறுவதற்குள் பறித்துவிட வேண்டும். வெயில் தொட்டுப் பூ விரிந்தால் மணம் போய்விடும். விடிந்த பிறகும் வயலில் பூ நின்றால், அந்த வீட்டுப் பெண்ணை எங்கள் ஊர் ஒரு வாரத்துக்குப் பேசும். அதிலும் விருந்தாளி வருகிற நாள் என்றால்?

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு யோர்தானிஸ் வருவதாக இருந்தது. 'ஏதென்ஸிலிருந்து ஆள் வருகிறார், வயல் துப்புரவாக இருக்க வேண்டாமா' என்று பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் விடியலிலேயே கூடையோடு வந்துவிட்டது. குனிந்தார்கள், பறித்தார்கள், சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு இரண்டு ஏக்கரிலும் ஊதா நிறத்தில் ஒரு பொட்டுகூடக் கிடையாது. தகடுகளுக்கு அடியில் உதிர்ந்து கிடந்த இதழைக்கூட ஒருத்தி கூட்டிவிட்டாள்.

[அந்த ஒருத்தி நான்தான். இந்த வரியை மூன்று முறை அடித்துப் பார்த்தேன். இருக்கட்டும்.]

6

யோர்தானிஸ் பொலிக்சேனி வீட்டு மேசையில் உட்கார்ந்து சீஸ் அடை மூன்று துண்டு சாப்பிட்டார். மேசை முழுக்கக் கூடைகள். சுற்றிலும் பெண்கள் பூவைப் பிரித்துச் சிவப்பு இழைகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தகடுகளைப் பார்க்கப் போனார். வரப்பில் நின்றே பார்த்துவிட்டுப் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"பயிர் எங்கம்மா?"

"இதோ இருக்கே தம்பி, கூடை கூடையா!" என்றாள் பொலிக்சேனி.

"இது அறுவடை. எனக்கு மண்ணுல நிக்கிற பூ வேணும். அங்க புல்லு மாதிரி இலைதான் இருக்கு. புல்லக் காட்டியே எங்கள நிறைய பேர் ஏமாத்திட்டாங்க."

"நாளைக்கு விடியறப்ப வாங்களேன், பூவுல மண்ணே தெரியாது."

"இன்னைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் ரிப்போர்ட் போகணும்."

மேசையில் கைகள் நின்றன. எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பின.

"ஏண்டி அக்லையா," என்றாள் பொலிக்சேனி, "நாப்பது பக்கம் எழுதினியே. 'பூவ விட்டு வைங்க'ன்னு ஒத்த வரி எழுதக் கூடாதா?"

"உன் கை மட்டும் சும்மா இருந்துச்சாக்கும்?" என்றேன்.

சிரித்தாள், உடனே முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டாள். அவளுக்காக நான் செய்த ஒரே பெரிய காரியம், அதையும் நானே கூட்டிப் பெருக்கிவிட்டேன்.

அப்போதுதான் கவனித்தோம்: சீசிஸைக் காணவில்லை. ஒரு கூடையையும் காணவில்லை.

வயலிலிருந்து சத்தம் கேட்டது. "ஏய்! எல்லாரும் வாங்க! அந்த சாரையும் கூட்டிட்டு வாங்க!"

ஓடினோம். தகடுகளுக்குக் கீழே சீசிஸ் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் கூடை, விரலெல்லாம் மண். அவர் முன்னால் பதினான்கு பூக்கள் நின்றன.

யோர்தானிஸ் கூடையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். "இதுல நீங்க நட்டது எத்தன?"

பொலிக்சேனி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மூணு," என்றார் சீசிஸ். "நாலாவதுக்குக் குழி தோண்டப் போறேன், அங்க ஏற்கெனவே ஒண்ணு தலைய நீட்டிக்கிட்டு நிக்குது. அது பக்கத்துல இன்னொண்ணு. சத்தியமாச் சொல்றேன் சார், காலைல இதெல்லாம் இல்ல."

"நிழல்ல மண்ணு ஜில்லுனு கிடந்திருக்கு," பொலிக்சேனி குனிந்து மண்ணைத் தொட்டாள். "தூங்குமூஞ்சிங்க. லேட்டா எழுந்திருச்சிருக்குங்க!"

யோர்தானிஸ் ஒவ்வொரு பூவையும் இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். மூன்று கையோடு வந்தன. பதினொன்று அசையவில்லை. படம் எடுத்தார். "அழகா இருக்கு," என்றார். சொன்ன கையோடு, கண் பட்டுவிடாமல் இருக்க, பூக்களைப் பார்த்து "ஃப்து, ஃப்து, ஃப்து" என்று மூன்று தடவை துப்புகிற பாவனை செய்தார். எங்கள் பெண்களுக்கு அந்த நொடியே அவரைப் பிடித்துப்போனது.

"பதினொண்ணுன்னு எழுதறேன். ஆனா அந்த மூணையும் எழுதியாகணும். பொய் எழுத எனக்கு வராது," என்றார்.

"எழுதுங்க சார்," என்றார் சீசிஸ். "நட்டது நான்தானே."

7

இப்போது முடிவு. கைவசம் இரண்டு இருக்கின்றன.

முடிவு ஒன்று: நிதி கிடைக்கிறது. இசை, நடனம், சிப்பூரோ சாராயம், நான் ஒரு மேசை மேல்...

[நான் மேசை மேல் ஏறுகிறவள் இல்லை. இரண்டு கோப்பைக்கு மேல் போனால் உத்தரவாதம் கிடையாது.]

முடிவு இரண்டு: அந்த மூன்று பூக்களால் எல்லாம் கெடுகிறது. திங்கட்கிழமை கம்பெனி வண்டி வருகிறது. பொலிக்சேனி வாசலில்...

[இதை எழுத என் கை வரவில்லை.]

8

இன்று சனிக்கிழமை. நிதி அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 'உங்கள் விண்ணப்பம் தொடர்பாக' என்கிறது தலைப்பு. நான் திறக்கவில்லை. பொலிக்சேனியை அழைத்து வரலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் மட்டும் இருந்தது. ஒப்பந்தத் தாள் அடுப்புக்குப் பக்கத்தில் விரித்துக் கிடந்தது. அதன்மேல், கையெழுத்துப் போட வேண்டிய கோடு முழுக்க, முப்பத்துமூன்று சிவப்பு இழைகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பூவுக்கு மூன்று, பதினொரு பூவுக்கு முப்பத்துமூன்று.

"அவர்தாண்டி," என்று பொலிக்சேனி என் காதைக் கடித்தாள். "அன்னைக்கே அந்த சார் போனதும் தானே பறிச்சு, தானே பிரிச்சு வச்சாரு. இத்தன வருஷத்துல ஒரு பூவ தொட்டிருப்பாரா இந்த மனுஷன்?"

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கம்பெனி ஆள். சீசிஸ் எடுத்தார்.

"தாளா? அது இப்ப வேலையா இருக்கு சார்... இல்ல, கையெழுத்து இல்ல. அந்த இடத்துல பூ காயுது... புதுத் தாளா? வேணாம், இதுவே போதும்."

வைத்துவிட்டார். பொலிக்சேனி அவர் கோப்பையில் காப்பியை ஊற்றினாள்.

9

படிவத்தின் கடைசிக் கட்டம் 'எதிர்பார்க்கும் விளைவு'. வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களுக்காக அதை நிரப்பியவள் நான். இந்த ஒன்றை நிரப்ப மாட்டேன். மின்னஞ்சல் என் வீட்டுத் திரையில் இருக்கிறது. நாற்காலியை உங்களுக்கு விட்டுவிட்டேன். உட்கார்ந்து நீங்களே திறந்துகொள்ளுங்கள். நானும் பொலிக்சேனியும் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கிறோம்.

சீசிஸைக் கூப்பிட்டோம், வரமாட்டேன் என்றுவிட்டார். அடுப்படிச் சன்னல் சரியாக மூடாதாம். காற்று வந்து இழைகளைக் கலைத்துவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.