எதிர்வீட்டு நீதிபதியின் தலைமுடி

எதிர்வீட்டு நீதிபதி மூன்று மாதமாக முடி வெட்டவில்லை. காரணம் தெரியாமல் எங்கள் தெருவில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அவரிடம் இருந்தது வாசல் வழக்கு. ஒரே கடவுள், ஒரே வழிபாட்டுக் கூடம். கிழக்கு வாசலைத் திறப்பதா, மேற்கு வாசலைத் திறப்பதா என்று இரண்டு கூட்டம் இருபது வருடமாக அடித்துக்கொள்கிறது. ஓய்வுபெறுமுன் இந்தத் தீர்ப்பைத் தன் வாயால் வாசித்துவிட வேண்டும் என்பதுதான் மனிதரின் ஒரே ஆசை. அதற்காக யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தெருமுனை முடிதிருத்துபவர் கிழக்கு வாசல்காரர் என்பதால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. வேறு கடைக்குப் போகலாம்; அவன் எந்த வாசலோ என்று பயம்.

மேற்கு வாசல்காரர்களோ தீர்ப்பு வரும்வரை முடி வெட்டுவதில்லை என்று சபதம் போட்டவர்கள்.

"காது மூடியாச்சு பாத்தீங்களா? எவ்வளவு கைமாறுச்சோ," என்றார் எங்கள் தெருத் தையல்காரர்.

எனக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. "சும்மாவா வளரும்?" என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

அது எப்படியோ கிழக்கு வாசல் வக்கீலின் காதுக்குப் போய், நீதிபதி ஒருதலைப்பட்சமானவர் என்று மேல் நீதிமன்றத்தில் மனுவானது. ஆதாரம், அவர் தலையின் புகைப்படம்.

அன்று மாலையே அவர் மனைவி சமையலறைக் கத்தரிக்கோலோடு அவரை முற்றத்தில் உட்காரவைத்தார். எங்கள் மாடியிலிருந்து நன்றாகத் தெரியும்.

"அசையாதீங்க. உங்க வாய்தா மாதிரி இழுத்துக்கிட்டே போக என்னால முடியாது."

மறுநாள் மேற்கு வாசல்காரர்கள் மனு போட்டார்கள். ஒரே ராத்திரியில் முடி போன மர்மம் என்ன? கிழக்கத்திக் கடையில்தானே வெட்டியிருக்க வேண்டும்?

முடிதிருத்துபவர் கொதித்துப்போனார். வாசலைவிட அவருக்குத் தொழில் பெரிது. "எலி கொறிச்ச மாதிரி இருக்கு. இதை நான் வெட்டினேன்னு சொன்னா என் கடைக்கு எவன் வருவான்?" என்றவர், அதையே பிரமாணப் பத்திரமாக எழுதியும் கொடுத்தார். ஒருவரும் நம்பவில்லை.

மேல் நீதிமன்றம் யாரையும் குறை சொல்லவில்லை. மக்களின் நம்பிக்கையைக் கருதி வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றிவிட்டது.

எழுதி முடித்த தீர்ப்பு அவரோடே தங்கிவிட்டது. எந்த வாசல் என்று நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தேன், மனிதர் பிடிகொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனைக் கடைக்குள் நுழைந்தார். செய்தித்தாள் படிக்கும் சாக்கில் நானும் போனேன். முடிதிருத்துபவர் துணியைப் போர்த்திவிட்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, அம்மா வெட்டினதுல வகிடே காணோம். எந்தப் பக்கம் எடுக்கட்டும்?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினோம். தையல்காரர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தார். நீதிபதி கண்ணாடியில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நேரா பின்னால வாரி விட்டுடுப்பா."