மிர்சினியின் குடுவை

கணவனின் முதல் மனைவி மிர்சினி செத்துப் பத்து வருஷம் ஆகியும், அவளோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துவதுபோலத்தான் இருந்தது எவாந்தியாவுக்கு. கூடத்துச் சுவரில் இருந்த படத்தை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது எண்ணெய்தான்.

மிர்சினி சீதனமாகக் கொண்டுவந்த ஒலிவ மரங்கள் மலைச்சரிவில், கல்லுக்கு நடுவே நின்றன. எவாந்தியா கொண்டுவந்தவை கீழே, வளைகுடாவைப் பார்த்த மேட்டில். கணவன் இக்னாதிஸ் இரண்டு தோப்பிலும் ஒரே மாதிரிதான் உழைத்தான். ஆனால் காயை ஆலைக்குக் கொண்டுபோகும்போது ஒரு மூட்டை மாறவும் விடமாட்டான். மிர்சினியின் எண்ணெய் தனி டின்னில் வரும். சாப்பாட்டு மேஜையில் அதற்கென்று ஒரு கண்ணாடிக் குடுவை. ரொட்டியை அதில் தோய்த்து வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வான்.

"ஆஹா! மலைக் காயின்னா மலைக் காய்தான்."

எவாந்தியாவின் எண்ணெய் மீன் வறுக்க, சாமி விளக்குக்கு, மிஞ்சினால் சோப்புக் காய்ச்ச.

கல்யாணமாகி ஐந்து வருஷமாக இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே, தன் மரங்களைத் தன் கையாலேயே கிளை கழித்து வளர்த்தவள் அவள். எந்தக் கிளை எந்த வருஷம் காய்க்கும் என்பதுகூட அவளுக்குத் தெரியும்.

அந்த நவம்பரில் ஆலையில் காய் அரைபட்டுக்கொண்டிருந்தபோது, ஆலைக்காரன் பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டான்.

"என்ன எவாந்தியா, இந்த வருஷமும் உன்னுது சோப்புக்குத்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். இக்னாதிஸும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

புது எண்ணெய் வந்த முதல் ஞாயிறு, மிர்சினியின் அண்ணன் புரோகோபிஸ் சாப்பிட வருவது வழக்கம். படகு கட்டுகிற ஆள். வரும்போது ஒரு கூடை மத்தி மீனோடு வருவான். அன்று அவன் முற்றத்தில் மீனைக் கழுவிக்கொண்டிருக்க, இக்னாதிஸ் குடிக்க ஊசோ மது ஊற்றிக்கொண்டிருக்க, எவாந்தியா சமையல்கட்டில் மிர்சினியின் குடுவையைக் கையில் எடுத்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். தன் டின்னைத் திறந்து, பச்சையாய்க் கலங்கலாய் இருந்த தன் எண்ணெயை அதில் நிரப்பினாள். மனசுக்குள் ஒரு குதூகலம்கூட இருந்தது. இக்னாதிஸ் மூஞ்சியைச் சுளிப்பான், "என்னாச்சு இந்த வருஷம் மலைக் காய்க்கு?" என்பான். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டால் போதும் அவளுக்கு.

மேஜையில் வேகவைத்த கீரை, எலுமிச்சை, பாலாடைக்கட்டி, அடுப்பில் சுட்ட ரொட்டி. இக்னாதிஸ் ஒரு துண்டை ஒரு பக்கம் முழுக்க நனையத் தோய்த்தான். கடித்தான். கண்ணை மூடினான்.

"மச்சான், இதச் சாப்பிட்டுப் பாரு. இத்தனை வருஷத்துல இப்படி வந்ததில்ல. தொண்டையில இறங்கறப்ப ஒரு காரம் பாரு! உன் தங்கச்சி கொண்டாந்த மரம் மரம்தான்யா."

"அப்படியா?" என்று புரோகோபிஸும் ஒரு துண்டை எடுத்தான்.

"பாவம், எவாந்தியா மரம் என்ன பண்ணும்? கடல் காத்து, உப்பு. அதுக்கு மேல அதுல என்ன எதிர்பார்க்கிறது?" என்றான் இக்னாதிஸ்.

எவாந்தியாவுக்கு ஒரு கணம் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த கணமே ஆத்திரம் பற்றிக்கொண்டது. ஏணியில் ஏறி அவள் கழித்த கிளை, காய் விழ மரத்தடியில் அவள் விரித்த வலை, அவள் அடித்து உதிர்த்த காய். பேர் மட்டும் மிர்சினிக்கு. கடைசியில் தன் சொந்த எண்ணெய் மேலேயே பொறாமைப்பட வைத்துவிட்டானே இந்த மனுஷன்!

"அது என் எண்ணெய்," என்றாள்.

"எது?"

"நீ கண்ண மூடிக்கிட்டுத் தின்னியே, அது. உப்புக் காத்து எண்ணெய். சோப்பு எண்ணெய். நான்தான் ஊத்தி வெச்சேன்."

இக்னாதிஸ் குடுவையைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான். புரோகோபிஸுக்குச் சிரிப்பு பீறிட்டு, புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இக்னாதிஸ் காது சிவக்க எழுந்து முற்றத்துக்குப் போனான். விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"சிரிக்காத புரோகோபிஸ். உன் தங்கச்சிய அவமானப்படுத்திட்டேன்னு நெனச்சுக்காத," என்றாள் எவாந்தியா. குரல் உடைந்துவிட்டது. "இந்த வீட்ல அவளுக்குத்தான் எல்லாம். எனக்கு ஒரு வாய் ரொட்டிக்குக்கூட..."

புரோகோபிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இப்போது அவன் சிரிக்கவில்லை.

"அவளுக்கு என்ன கெடைச்சுது? உயிரோட இருந்தப்ப இந்த எண்ணெயப் பத்தி இவன் ஒரு நல்ல வார்த்த சொன்னானா? 'உங்கப்பன் கல்லத்தான் சீதனமாக் குடுத்தான், நடுவுல நாலு மரத்த நட்டு'ன்னு சொல்லிச் சொல்லியே குத்துவான். எங்க வீட்டுக்கு வந்து அழுவா. அவளப் பொதச்சுட்டு வந்த அன்னைக்கு ஆரம்பிச்சான் இந்தப் புகழ்ச்சிய. இன்னும் நிறுத்தல."

எவாந்தியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மிர்சினி காதில் ஒருமுறைகூட விழாத புகழுக்காகவா ஐந்து வருஷம் வெந்தோம்? பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோபமும் எழுந்தது. எழுந்து முற்றத்துக்குப் போனாள்.

"இக்னாதிஸ், அப்ப நானும் செத்தாத்தான் என் எண்ணெய் நல்லாருக்கும்னு சொல்லுவியா?"

கோடாரி நின்றது.

"அவன் சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

கோடாரியைக் கட்டையில் சாய்த்து வைத்தான். "அவகிட்ட ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். வாய் வரல. அப்புறம் சொல்ல ஆரம்பிச்சேன், நிறுத்தத் தெரியல."

"எங்கிட்டச் சொல்லு. நான் இங்கதான நிக்கிறேன்."

"உன்னுது நல்லாருக்கு."

"காதுல விழல."

"நல்லாருக்கு!" என்று கத்தினான்.

"எனக்கும் கேட்டுச்சு மச்சான்!" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. எவாந்தியாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அடுத்த வருஷம் இக்னாதிஸ் தானாகவே கேட்டான். "எல்லாத்தையும் ஒண்ணா ஆட்டிரலாமா? எதுக்கு ரெண்டு டின்னு?"

"அதெல்லாம் வேணாம். தனித்தனியாவே ஆட்டு," என்றாள் அவள். "எது யாருதுன்னு தெரியணும் எனக்கு."

ஆலையில் இரண்டு எண்ணெயும் சூடாக வந்தபோது அவன் முதலில் அவளுடையதில்தான் ரொட்டியைத் தோய்த்தான். ஆலைக்காரன் காதில் விழும்படி, "எவாந்தியாவோடது. சாப்பிட்டுப் பாருங்கய்யா," என்றான். அவளுக்கு முகம் மலர்ந்தது. அப்புறம் மற்றதிலும் தோய்த்தான். மெதுவாக மென்றான், ஒன்றும் சொல்லவில்லை. எத்தனை நேரம் மெல்கிறான் என்று எவாந்தியா பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பியது.

யாரும் பார்க்காதபோது அவளும் ஒரு துண்டு ரொட்டியை மலை எண்ணெயில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.