எப்பவும் போலத்தான்

ஒரே ஆளிடம் ஒரே நாளில் இரண்டு முறை மனசு நல்லா இருக்கிறதா என்று கேட்பதற்குத்தான் கலைமணிக்குச் சம்பளம். திருச்செங்கோட்டைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பழைய கேள்வித்தாள் ஒன்று, புதியது ஒன்று என்று நிரப்ப வேண்டும். எது நோயைச் சரியாகப் பிடிக்கிறது என்று கடைசியில் ஒப்பிட்டு, அதையே எல்லா ஊருக்கும் வைப்பார்களாம். அதுவரை, பழைய தாளில் நாலு மதிப்பெண் தாண்டினால்தான் டாக்டரைப் பார்க்கச் சீட்டு. ஏழை சொல் அம்பலம் ஏறாது. புதிய தாளின் சொல்லும் அப்படித்தான்.

சித்திரை வெயிலில் அன்று ஏழாவதாக வசந்தாமணியின் வீடு. அவள் புருஷன் ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறார். மழைக்காலத்துக்குத்தான் வருவார்.

"வழக்கத்தைவிடத் தூக்கம் கொறஞ்சிருக்குங்களாக்கா?" பழைய தாளின் கேள்வி.

"இல்ல சாமி, எப்பவும் போலத்தான்."

"வழக்கத்தைவிட மனசு சோர்வா இருக்குதுங்களா?"

"அதும் எப்பவும் போலத்தான்."

எல்லாக் கேள்விக்கும் அதே பதில். மதிப்பெண் சைபர். தாளைக் கேட்டால் அந்த ஊரிலேயே சுகமான மனுஷி வசந்தாமணிதான்.

கலைமணி அலுப்போடு புதிய தாளை எடுத்தாள்.

"போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் தூக்கமில்லாம கெடந்தீங்க?"

"எல்லா நாளுந்தான்."

"எதுக்கு உசுரோட இருக்கறோம்னு எத்தனை நாள் தோணுச்சுங்க?"

"நெதமுந்தான் கண்ணு. எட்டு வருசமாச்சு. யாரும் இப்பிடிக் கேட்டதில்ல." வசந்தாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கலைமணி வாசலுக்கு வந்து மேற்பார்வையாளர் தனசேகருக்குப் போன் செய்தாள்.

"பழசுல சைபர்னா சீட்டு இல்லீங்க" என்றார் அவர்.

"எட்டு வருசமாத் தூங்கலீங்க சார்."

"அப்ப அதுதான் அவங்களுக்கு வழக்கம்."

கலைமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடத்தான் தெம்பில்லை. பழைய தாளில் இன்னொன்றை எடுத்து, 'வழக்கத்தைவிட மிக அதிகம்' என்ற கட்டங்களில் அவளாகவே டிக் அடித்தாள். சீட்டு எழுதினாள். புதன்கிழமை ஸ்கூட்டியில் வசந்தாமணியை அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார்கள். பத்து நாள் கழித்து வசந்தாமணி, "நேத்து விடியற வரைக்கும் தூங்கிட்டேன் சாமி" என்று போனில் அழுதாள்.

ஒரு வீட்டில் துணிந்த கை மற்ற வீடுகளில் சும்மா இருக்குமா? புதிய தாள் யாரையெல்லாம் பிடித்ததோ, அவர்களையெல்லாம் பழைய தாளிலும் ஏற்றிவிட்டாள்.

மாதக் கூட்டத்தில் தனசேகர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். "கலைமணி பார்த்த ஊருகள்ல ரெண்டு தாளும் அப்படியே ஒத்துப்போகுது. அப்புறம் புதுசு எதுக்கு? பழசே போதும்னு மேல முடிவு பண்ணிட்டாங்க." எல்லோரும் கை தட்டினார்கள்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவள் கொடுத்த சீட்டெல்லாம் செல்லாது. வசந்தாமணிக்கு மாத்திரை நின்றுபோகும். கலைமணி உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரம் சேந்தமங்கலம். பழைய தாள் மட்டும் ஒரு கட்டு கொடுத்தார்கள். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.