வலப்பக்கத்து இடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. புனேயில் சுரங்க ரயில் பாதைப் பணியில் பொறியாளராக இருக்கும் ஏலவார்குழலி காஞ்சிபுரத்துக்குப் போன் செய்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலை செய்த பாதையில் முதல் ரயில் ஓடுகிறது. ஊழியர்கள் பெற்றோரை அழைத்து வரலாம்.

வர முடியாது என்றார் அப்பா கைலாசம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கல்யாணப் புடவையை முடித்துக் கொடுக்க வேண்டும். அம்மா நன்றாக இருக்கிறாள், பக்கத்தில்தான் உட்கார்ந்து நெய்கிறாள், வேண்டுமானால் தறிச் சத்தத்தை நீயே கேள் என்று போனைத் தறிமேல் வைத்துவிட்டு நெய்தார்.

குழலி கேட்டாள். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா புடவையின் உடலுக்கு, ஊடைநூல் வைத்த நாடாவை எறிவார். வலப்பக்கத்தில் இருப்பவர் கரைக்கு எறிவார். பிறகு பலகை அடித்து இழையை நெருக்கும். இரண்டு பேர் இருந்தால் அடிகள் நெருங்கி விழும். இப்போது ஒவ்வோர் அடிக்கும் முன்னால், ஒரே ஆள் எட்டிப் போய்த் திரும்பும் நேரம் இருந்தது.

"அம்மாவுக்கு இன்னாச்சுப்பா?"

தறி நின்றது.

புதன்கிழமை மதியம் குழலி வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மா கமலவேணியின் வலது கையில் மாவுக்கட்டு.

"ஒனக்கு யாருடீ சொன்னது?"

"ஒன் வூட்டுக்காருதான். வாயால இல்ல, தறிச் சத்தத்தால சொன்னாரு."

பள்ளிக்கூட நாட்களில் சாயங்காலம் வலப்பக்கம் குழலியின் இடம். அவள் கல்லூரிக்குப் போனதும் அம்மா வந்து அங்கே உட்கார்ந்தாள். பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். குழலி பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அந்த மணையில் அமர்ந்தாள். முதல் ஒரு மணி நேரத்தில் நாடா இரண்டு முறை கை தவறித் தரையில் விழுந்தது.

"மெதுவா, இன்ஜினியரம்மா," என்றாள் அம்மா.

அப்பா வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பிறகு கூட்டினார். இருட்டுவதற்கு முன், பக்கத்து வீட்டுப் பூவம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கமலவேணிக்குக் கை சரியாகிவிட்டதா என்று விசாரித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள். சனிக்கிழமை விமானம் ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அம்மா இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தமிழ் தெரியாத நாலு பேரிடம் "எம் பொண்ணு தோண்டனது" என்று சொல்லிவிட்டாள். நாலு பேரும் தலையாட்டினார்கள். அப்பா கண்ணை மூடிச் சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழலி, இத ஒத்த ஆளாவா ஓட்டுறான்? பக்கத்துல யாருமே இல்லியா?"