துவைக்கிற கல்லுக்கு ஓர் இடம்

ஆலங்குடியில் மினி பஸ் ஓட்டுகிற செல்லமுத்துவின் காக்கிச் சட்டையைப் பார்த்துவிட்டு, "பொண்டாட்டி விசயத்துல குடுத்துவச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லாதவர்கள் கிடையாது. காலரில் ஒரு கோடு அழுக்கு இருக்காது. அவனும் சிரித்துக்கொண்டே கியரை மாற்றுவான். சட்டையைத் துவைப்பது அவன் மனைவி தேவிப்ரியா இல்லை, அவனேதான் என்பது வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

ஒன்பது வருசத்துக்கு முன்னால் மகள் பிறந்தபோது தேவிப்ரியாவுக்கு ஆபரேசன். கொஞ்ச நாளைக்குக் குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கொஞ்ச நாளைக்கென்று துணியில் கைவைத்தவன் பிறகு விடவே இல்லை. நாள் முழுக்க ஹாரன் சத்தத்திலும் எஞ்சின் சூட்டிலும் வெந்துவிட்டு வருகிறவனுக்கு, குளிர்ந்த தண்ணீரில் துணியை அலசிப் பிழிவது அவ்வளவு இதமாக இருந்தது. ஆனாலும் வாடகை வீட்டில் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டுதான் துவைப்பான். மாடியில் கொண்டுபோய்க் காயப்போடுவது மட்டும் தேவிப்ரியா.

இப்போது ஊர்க் கடைசியில், தென்னந்தோப்பை ஒட்டிச் சொந்த வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பூச்சு வேலை முடிகிற சமயத்தில் கொத்தனார் சந்தனம், ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து வந்த தேவிப்ரியாவைப் பிடித்துக்கொண்டார்.

"என்னத்தா, தொவைக்கிற கல்லை எங்கிட்டுப் போடட்டும்?"

"அவுககிட்ட கேளுங்கண்ணே."

"தம்பிக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்று பக்கத்தில் நின்ற செல்லமுத்துவைப் பார்த்துச் சந்தனம் சிரித்தார்.

செல்லமுத்துவுக்கு எல்லாம் தெரியும். கிழக்குப் பக்கம், புங்க மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி. காலை வெயில் நேராக விழும், காத்து வரும், தண்ணீர் தானாகத் தோப்புக்கு ஓடிவிடும். அஸ்திவாரம் போட்ட அன்றே மனசுக்குள் அந்த இடத்தைக் குறித்துவைத்திருந்தான். ஆனால் கிழக்குப் பக்கம்தான் தெரு.

"பின்னால போட்ருங்கண்ணே. அடுப்படிக்குப் பின்னால" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் தேவிப்ரியா பிடித்துக்கொண்டாள். "அங்க வெயில் எட்டிப் பாக்குமா? ஒன்பது வருசமாப் பாத்ரூமுக்குள்ள குந்தியிருந்தது பத்தாதா ஒங்களுக்கு?"

"தெருவே பாக்கும் பிரியா."

"பாத்தா என்னங்க? நீங்க என்ன, அடுத்த வீட்டுத் துணியவா திருடித் தொவைக்கிறீங்க?"

அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். ரெண்டே நாளில் பின்பக்கம் கல் உட்கார்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் இல்லாத நேரம் பார்த்து, ரெண்டு லுங்கியும் ஒரு பெட்ஷீட்டும் எடுத்துக்கொண்டு போனான். கல் முழங்கால் உயரத்தில் இருந்தது. பெட்ஷீட்டை நாலு தடவை அடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. முழங்கை காம்பவுண்டுச் சுவரில் இடித்தது. சோப்புத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அடுப்படி வாசலுக்குள் எட்டிப்பார்த்தது. நுரைக்கு நடுவில் நின்றவனுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. யாருக்குப் பயந்து இந்தச் சந்துக்குள் வந்து மாட்டிக்கொண்டோம்? ஈரக்கையை லுங்கியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"சந்தனண்ணே, அந்தக் கல்லை ஒடைச்சுட்டுக் கிழக்கால மாத்திரலாம்."

"யாரு, தங்கச்சி சொல்லுச்சா?"

"நான்தாண்ணே சொல்றேன். தொவைக்கிறது நான்தான்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். செல்லமுத்துவுக்குக் காது சுட்டது.

"அன்னைக்கே சொல்லியிருந்தா ஒடைக்கிற வேலை மிச்சமாயிருக்கும்ல?" என்றார் சந்தனம். "சரி, காலையில நில்லுங்க. அளவு எடுக்கணும்."

மறுநாள் டேப்பை அவன் இடுப்புக்கும் தரைக்கும் பிடித்து, நாலு விரல் கீழே இறக்கிக் குறித்தார். செல்லமுத்துவின் கூச்சம் போன இடம் தெரியவில்லை. தண்ணீர் ஓடத் தரைக்கு எவ்வளவு வாட்டம், குழாய் எந்தக் கைப்பக்கம், பக்கெட் வைக்க எவ்வளவு மேடை, கொடிக்கம்பிக்கு எவ்வளவு இடைவெளி என்று அவன் சொல்லச் சொல்ல, சந்தனம் பென்சிலால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே போனார். தேவிப்ரியா வாசற்படியில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வீடு குடிபோய் முதல் ஞாயிறு. விசேசத்துக்கு வந்தவர்கள் விட்டுப்போன போர்வையும் துண்டும் மலையாகக் கிடந்தன. செல்லமுத்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் முன்னால் நின்றான். நிமிர்ந்தபடியே ஓங்கி அடித்த முதல் அடி தோப்பு வரைக்கும் கேட்டது. தெருவில் போன ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள். 'இவ்வளவுதானா!' என்றிருந்தது அவனுக்கு. அடுத்த அடியை இன்னும் பலமாகப் போட்டான்.

கடைசிப் போர்வையை உதறும்போது எதிர்வீட்டு மணிமேகலை கையில் ஒரு வெள்ளைச் சட்டையோடு தெருவைத் தாண்டி வந்தாள். நேராக அவனிடமே நீட்டினாள்.

"அண்ணே, ஒங்க கொடியப் பாத்துட்டுத்தான் வாரேன். இதுல முந்திரிப்பழக் கறை. எதப் போட்டா போகும்?"

செல்லமுத்து சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இது எதப் போட்டாலும் போகாதும்மா. முந்திரிக்காட்டுக்குப் போறப்ப போட்டுக்கன்னு ஒங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிரு."

"அவரு மத்த அம்புட்டுச் சட்டையும் கறையாக்கி வச்சிருக்காரே!"

"அப்ப அவரையே வரச் சொல்லு. தொவைக்கப் பழக்கி விடுறேன்."

மணிமேகலை சிரித்த சிரிப்பில், உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்த தேவிப்ரியா கரண்டியோடு வெளியே ஓடிவந்தாள்.